ரோமச் செப்புக்காசில் வெளிர்பச்சைத் தூள் – இந்த ஈரத்தில் எப்படிக் காப்பாற்றுவது?

கொட்டகலைக்காரன் கேட்டது:

வணக்கம். கையில் 14 சின்னச் செப்புக்காசும் ஒரு வெள்ளிக்காசும் உள்ளன. செப்புக்காசுகள் பழைய கடதாசி உறை ஒன்றில் இருந்தவை. உறையின் மேல் பென்சிலால் "மாத்தறை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. விட்டம் 11 முதல் 15 மில்லிமீட்டர், எடை 0.7 முதல் 1.8 கிராம். ஐந்தாறில் வலப்பக்கம் பார்க்கும் தலை தெரிகிறது. இரண்டில் பின்பக்கம் சிலுவை போல ஒன்று. மற்றவை கரும்பச்சையாக, ஒன்றும் புரியாத நிலையில் இருக்கின்றன.

மூன்று காசில் வெளிர்பச்சைத் தூள். ஊசியால் தட்டினால் உதிர்கிறது, இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது. குத்துவிளக்குக்குப் போடுவது மாதிரி புளி போட்டுத் துலக்கலாமா? எந்தப் பேரரசர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளிக்காசு இணையத்தில் வாங்கியது, திபேரியஸ் என்று சொன்னார்கள். எடை 3.14 கிராம். அசலா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பச்சைக்களிம்பு:

முதலில் புளியைக் கீழே வையுங்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பிராஸ்ஸோ எல்லாம் குத்துவிளக்குக்குச் சரி. ஆயிரத்து அறுநூறு வருசக் காசில் எழுத்து இருப்பது உலோகத்தில் அல்ல, மேலே இறுகிப்போன களிம்புத் தோலில். அமிலம் அந்தத் தோலைக் கரைத்தால் கையில் மிஞ்சுவது பளபளப்பான, எழுத்தில்லாத செம்புத் தகடு. போனது திரும்பாது.

தூள் விழும் மூன்று காசையும் இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். இந்தத் தூள் ஒரு நோய், வெண்கல நோய் என்பார்கள். அது காற்றில் பறந்து தொற்றாது. ஆனால் உதிரும் தூளில் குளோரைட்டு இருக்கிறது, பக்கத்துக் காசில் படியத் தேவையில்லை.

நடப்பது இதுதான். மண்ணில் கிடந்த காலத்தில் உப்பு உள்ளே போய், செம்போடு சேர்ந்து செம்புக் குளோரைட்டாக உலோகத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மாத்தறை கடற்கரை ஊர், உப்புக்குக் குறைவில்லை. ஈரமும் ஒட்சிசனும் கிடைத்ததும் அது வெளிர்பச்சைத் தூளாக மாறுகிறது. மாறும்போது அமிலம் பிறக்கிறது, அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைட்டு உண்டாக்குகிறது. அதனால்தான் நீங்கள் தட்டிவிட்டாலும் திரும்பி வருகிறது. சாரீரப்பதன் (காற்றின் ஈர அளவு) 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தூங்கும், 42-46ஐத் தாண்டினால் விழிக்கும். கொட்டகலையில் மூடுபனி இறங்கும் மாதங்களில் அறைக்குள் 80க்கு மேலே போவது சாதாரணம். கொழும்பில் குளிரூட்டிய அறையில் பத்து வருசம் சும்மா கிடந்த காசு இங்கே வந்து ஒரு மழைக்காலத்தில் வெடிப்பது அதனால்தான்.

எல்லாப் பச்சையும் நோய் இல்லை. மரப் பல்குச்சியால் மெல்லக் கீறிப் பாருங்கள். கடினமாக, வழுவழுப்பாக, கரும்பச்சையாக இருந்தால் அது நல்ல தோல், தொடாதீர்கள். மாவு போல உதிர்ந்து கீழே குழி தெரிந்தால் நோய்.

வைத்தியம். உருப்பெருக்கியின் கீழே பல்குச்சியால் தூளை எடுத்துவிடுங்கள். ஊசி வேண்டாம், நல்ல தோலையும் கீறும். பிறகு 200 மில்லிலீட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சோடியம் காபனேற்று 5 கிராம், அப்பச்சோடா 4 கிராம் கரைத்து, கண்ணாடிப் போத்தலில் காசுகளை ஒன்றோடொன்று படாமல் ஊறவிடுங்கள். காபனேற்று கிடைக்காவிட்டால் 8 கிராம் அப்பச்சோடாவை அவனில் 200 பாகையில் ஒரு மணிநேரம் வறுத்தால் ஏறக்குறைய 5 கிராம் காபனேற்று கிடைக்கும். கடைச் சலவைத்தூள் இதற்கு ஆகாது, அதில் வாசனையும் வேறு உப்புகளும் உண்டு. சலவைச்சோடாப் பளிங்கு சுத்தமானதாகக் கிடைத்தால் 13 கிராம் போடவேண்டும், அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

கரைசலை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைக்கவேண்டாம், ஆறு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். ஒரு குறையும் சொல்லவேண்டும்: நெடுநாள் ஊறினால் தோலின் நிறம் கொஞ்சம் நீலப்பச்சைக்குத் திரும்பலாம். ஆகவே நோய் வந்த காசுக்கு மட்டும் இது. "முன்னெச்சரிக்கையாக" பதினாலையும் போடாதீர்கள்.

பிறகு காய்ச்சி வடித்த நீரில் நாளுக்கொரு தடவை மாற்றி ஒரு வாரம். குழாய் நீர் வேண்டாம், கிருமிக்குப் போடும் குளோரின் குளோரைட்டாகத்தான் முடியும். வாகனக் கடையில் விற்கும் பெட்டரித் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் லேபலை வாசியுங்கள், பக்கத்திலேயே பெட்டரி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் நிற்கும். பாடசாலை ஆய்வுகூடத்தோடு பழக்கம் இருந்தால், கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு ஐதான நைத்திரிக் அமிலம், பிறகு ஒரு சொட்டு வெள்ளி நைத்திரேற்று. பால் போல வெண்மை வந்தால் குளோரைட்டு இன்னும் வெளியேறுகிறது. அமிலச் சொட்டை மறந்தால் மிச்சக் காபனேற்றும் வெண்மை காட்டும், வீணாகப் பயப்படுவீர்கள்.

கடைசியாக அசற்றோனில் இரண்டு முறை முக்கி எடுத்து, 50-60 பாகை வெப்பத்தில் ஓர் இரவு உலரவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை அசற்றோன் என்று நம்பாதீர்கள், அதில் எண்ணெயும் சாயமும் கலந்திருக்கும். அடுப்புப் பக்கத்தில் அசற்றோன் போத்தலைத் திறக்கவும் கூடாது.

ஊவாக்காற்று:

எளிய வழி ஒன்று இருக்கே. ஒலிவ் எண்ணெயில் ஆறு மாதம் ஊறப்போட்டால் அழுக்கு தானாகக் கழன்றுவிடும். பலரும் செய்கிறார்கள்.

பச்சைக்களிம்பு:

செய்கிறார்கள், அதுதான் பிரச்சினை. எண்ணெயில் இருக்கும் கொழுப்பமிலம் செம்போடு வினைப்பட்டுப் பச்சைச் சவர்க்காரம் மாதிரி ஒன்றை உண்டாக்கும். எண்ணெய் பச்சையாவதை "அழுக்குக் கழல்கிறது" என்கிறார்கள், கழல்வது காசு. இன்னொன்று, துளைகளுக்குள் ஏறிய எண்ணெய் உள்ளே இருக்கும் குளோரைட்டை மூடிவிடும், பிறகு சோடாக் கரைசல் அங்கே போய்ச் சேராது. மண் மட்டும் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து, மூங்கில் குச்சியும் மென்மையான பல்தூரிகையும் போதும்.

தலைபூ:

பேரரசர் பெயருக்கு வருவோம். சுத்தம் செய்யும் முன்பே வாசிக்கவேண்டும், ஏனென்றால் சுத்தத்தில் எழுத்து கூடுவதைவிடக் குறைவதுதான் வழக்கம்.

இருட்டு அறை, ஒரு டோர்ச். வெளிச்சம் காசின் மேலிருந்து விழக்கூடாது, பக்கவாட்டில் மேசையோடு ஒட்டிப் படுத்து வரவேண்டும். காசை மெல்லச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் இன்னொரு கோணத்தில் நாலு எழுத்து எழும்பும். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு படம் எடுத்து ஒரே தாளில் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் தேய்ப்பு, ஈயத்தாள் அழுத்துதல் எதுவும் வேண்டாம்.

உங்கள் அளவைப் பார்த்தால் 4ஆம் நூற்றாண்டின் கடைசியும் 5ஆம் நூற்றாண்டின் முதற்பாதியும்தான். 17 மில்லிமீட்டருக்குக் குறைந்த செப்புக்காசுகளைச் சேகரிப்பாளர்கள் நாலாம் அளவு என்பார்கள். தலைப்பக்கம் இலத்தீன் எழுத்தில் "டி.என்." என்று தொடங்கும், "நம் ஆண்டவர்" என்பதன் சுருக்கம். முடிவு "பி.எப். ஏ.வி.ஜி.". நடுவில் பெயர். ஏறக்குறைய எல்லாப் பெயரும் "வி.எஸ்." என்று முடிவதால் அதை வைத்து ஒன்றும் பிரிக்க முடியாது. அதற்கு முந்திய இரண்டு எழுத்தைத் தேடுங்கள்: "டி.ஐ." என்றால் ஆர்க்காடியஸ், "ஆர்.ஐ." என்றால் ஹொனோரியஸ், "எஸ்.ஐ." என்றால் தியோடோசியஸ். "ஐ.ஏ.என்." என்று நீண்டால் வாலென்டினியன் அல்லது கிராசியன். தியோடோசியஸ் இரண்டு பேர், 379-395 ஒருவர், 402-450 இன்னொருவர். இருவரையும் பிரிப்பது பின்பக்கம்தான்.

பின்பக்கத்தில் சிறகுள்ள வெற்றித் தேவதை ஒரு கைதியை முடியைப் பிடித்து இழுத்துப் போனால் அது 388க்குப் பிந்திய வகை, சுற்றி "சாலுஸ் ரெய்புப்ளிகே" என்று வரும். மூன்று பேர் நின்றால் 406-408. மாலைக்குள் சிலுவை மட்டும் இருந்தால் இரண்டாம் தியோடோசியஸ் காலம், உங்கள் இரண்டும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். குதிரையிலிருந்து விழும் வீரனை ஈட்டியால் குத்தும் காட்சி வந்தால் அரை நூற்றாண்டு முன்னே போகவேண்டும், 348க்குப் பிறகு இரண்டாம் கொன்ஸ்டான்டியஸ் காலம். இரண்டு வீரர், நடுவே இரண்டு கொடி என்றால் 330-335. ஒரே கொடி என்றால் 335க்குப் பின். கொடியை எண்ணினால் காலம் கிடைத்துவிடும், இந்தத் துறையில் இவ்வளவு சுலபமான விசயம் வேறில்லை.

அடிப்பகுதியில் கோட்டுக்குக் கீழே இருப்பது காசு அடித்த பட்டறையின் குறி. "ஏ.என்.டி." அந்தியோக்கியா, "சி.ஓ.என்.எஸ்." கொன்ஸ்டான்டினோப்பிள், "ஏ.எல்.ஈ." அலெக்சாந்திரியா, "எஸ்.எம்.கே." சைசிக்கஸ், "எஸ்.எம்.என்." நிக்கோமீடியா. கூடவே வரும் கிரேக்க எழுத்து அந்தப் பட்டறைக்குள் எத்தனையாவது பிரிவு என்பதற்கு. சின்னக் காசில் அச்சு தகட்டைவிடப் பெரிதாக இருக்கும், அதனால் இந்தக் குறி பாதி வெளியே போயிருக்கும். தெரிந்ததை மட்டும் எழுதி மற்றதைப் புள்ளியிடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

இப்போது முக்கியமான விசயம். எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும் வரிசையாக இருக்கிறதா? தலை, குழந்தை கீறியது போல இருக்கிறதா? எடை 1 கிராமுக்குக் கீழேயா? அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரோமக் காசைப் பார்த்து அந்தக் காலத்திலேயே அச்சடித்த பழைய பிரதிகள் இந்தத் தீவின் கண்டெடுப்புகளில் அசலோடு கலந்தே வரும். அடித்தவருக்கு இலத்தீன் தெரியாது, உருவம் மட்டும் தெரியும். ஆர்க்காடியஸ் காசு உலகச் சந்தையில் கூடை கூடையாகக் கிடக்கிறது. "மாத்தறை" என்று எழுதிய உறைக்குள் இருக்கும் எழுத்தில்லாத காசு அப்படிக் கிடைக்காது. பதினாலில் எனக்குக் காட்டவேண்டும் என்றால் நான் கேட்பது அவற்றைத்தான்.

அதனால் உறையை எறியாதீர்கள். படம் எடுத்து, காசுகளோடு அல்லாமல் தனியாக வையுங்கள், பழைய கடதாசியில் அமிலம் உண்டு. ஒவ்வொரு காசுக்கும் இலக்கம், எடை, இரு திசை விட்டம், தலையை நிமிர்த்திப் பிடித்துத் திருப்பினால் பின்பக்கம் எத்தனை மணிக்கு நிற்கிறது (12, 6, அல்லது இடையில்) என்பதைக் குறியுங்கள்.

கொட்டகலைக்காரன்:

நன்றி அண்ணே. டோர்ச் வைத்துப் பார்த்தேன், ஒன்றில் "ஆர்.ஐ.வி.எஸ்." தெளிவு. நாலு காசில் எழுத்து இல்லை, கோடுகள்தான். ஒதுக்கி வைத்திருந்தவை அவைதான்!

இனி எதில் வைப்பது? அரிசிக்குள் போட்டு மூடலாம் என்று ஒருவர் சொன்னார்.

பச்சைக்களிம்பு:

அரிசியில் வண்டு வரும், ஈரம் போகாது. அரிசியே காற்றிலிருந்து ஈரத்தை எடுத்து வைத்திருப்பதுதானே.

றப்பர் வளையம் உள்ள, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒரு லீட்டர் அளவு. உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. ஒரு லீட்டர் காற்றில் இருக்கும் ஈரம் ஒரு கிராமில் நூறில் இரண்டு பங்குகூட வராது. ஜெல்லின் வேலை மூடியின் ஓரத்தால் கசிந்து வருவதைப் பிடிப்பது. அதனால் கூட ஜெல் போடுவதைவிட நல்ல மூடி முக்கியம். ஈரமானி 40ஐத் தொட்டால் ஜெல்லை 110-120 பாகையில் இரண்டு மணிநேரம் சூடாக்கி, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். தாச்சியில் வறுத்தால் மணிகள் வெடித்து நிறம் செத்துப்போகும். பால்மா டின்னின் பிளாஸ்டிக் மூடி போதாது, டேப் சுற்றினாலும் சில வாரம்தான் தாங்கும்.

பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கும் நாள் பாருங்கள். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், ஈரம். பெப்ரவரி-மார்ச் நல்லது. பண்டாரவளை, வெலிமடைக்காரர்களுக்கு நேர்மாறு, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று, மழை ஒக்டோபருக்குப் பின். அறிவுரையை வாசிக்கும்போது எழுதியவர் மலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

காசு நேரே படும் உறை மைலார் (பொலியெஸ்டர் தாள்) ஆக இருக்கட்டும். வளைத்தால் மெத்தென்று, புது மழைக்கோட்டு வாசம் வரும் உறை பீ.வீ.சி., அது நாளடைவில் பிசுபிசுத்து இன்னொரு பச்சையைக் கொண்டுவரும். புது மரப்பெட்டியும் வேண்டாம், மரத்திலிருந்து வரும் ஆவி அந்த ரோமக் காலத்துச் செம்பில் தாராளமாகக் கலந்திருக்கும் ஈயத்தை வெள்ளையாக்கும்.

நூற்றுக்கணக்கு:

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் கண்டெடுத்த, 1815 மார்ச் 2க்கு முந்திய காசு தொல்பொருள். கண்டி ஒப்பந்தத்தின் நாள் அது, நம்மவர்களுக்கு மறக்காது. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது, தபாலிலும்தான். உங்கள் பதினாலும் அதற்குள் வரும். எனவே வெளிநாட்டில் உள்ளவருக்கு "பார்த்துச் சொல்லுங்கள்" என்று காசை அனுப்பாதீர்கள், படம் அனுப்புங்கள். புதிதாக மண்ணில் கிடைத்தால் கழுவாமல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தேடித் தோண்டுவதற்கு அனுமதி கட்டாயம். வெள்ளிக்காசு வெளியிலிருந்து வந்தது என்றால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, கொழும்புத் தேசிய நூதனசாலையும் கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையும் உண்டு.

தராசுமுள்:

வெள்ளிக்காசுக்கு நான் வருகிறேன். ரோமக் காசின் எடையை இந்தத் தீவில் ஒரு அரசர் கவனித்தார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். பேரரசர் கிளாடியஸ் காலம். கரையொதுங்கிய ரோமரிடம் இருந்த தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு தலைகள், ஆனால் எடை ஒன்று. அதைப் பார்த்துத்தான் ரோமரின் நேர்மையை மெச்சித் தூது அனுப்பினாராம். நாமும் அதே வழியில் போவோம்.

திபேரியஸின் வெள்ளிக்காசில் பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பார், சுற்றி "பொன்டிப் மாக்சிம்". அசல் 3.5 முதல் 3.8 கிராம் வரை. தேய்ந்தால் குறையும், ஆகவே 3.14 தனியே குற்றமில்லை. அடர்த்தி பாருங்கள்.

0.01 கிராம் காட்டும் நகைத் தராசு. மேலே சின்னக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் (குமிழ் ஒட்டாமல் இருக்க). தராசைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நைலோன் நூலில் கட்டி முழுதாக மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது காட்டும் எண் இடம்பெயர்ந்த நீரின் எடை, அதாவது காசின் கனவளவு. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. நல்ல வெள்ளி 10.2-10.5 வரும். செம்பு உள்ளே வைத்து வெள்ளி போர்த்திய பழங்காலக் கள்ளக்காசு 9 சொச்சம். 7-8 என்றால் இந்தக் காலத்து வெள்ளீயக் கலவை.

ஓட்டையும் சொல்கிறேன். ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயம் 7.3, இரண்டையும் கலந்து 10.4க்குக் கொண்டுவரலாம். சரியான எண் வந்தால் அசல் என்று ஆகாது, தவறான எண் வந்தால் போலி என்று மட்டும் ஆகும். செப்புக்காசுகளுக்கு இந்த முறையே வேண்டாம். 1.2 கிராம் காசின் கனவளவு 0.14தான், தராசின் ஓர் எண் பிசகினாலே ஏழு சதவீதம் பிழை.

கல்லில் போட்டு ஓசை பார்க்காதீர்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும், அசலாக இருந்தால் இரண்டாகப் போகும்.

கொட்டகலைக்காரன்:

மூன்று தடவை செய்தேன். 0.40, 0.41, 0.40. அடியில் படவில்லை, நடுவில்தான் தொங்கியது.

தராசுமுள்:

3.14ஐ 0.40ஆல் வகுத்தால் 7.85. வெள்ளியாக இருந்தால் 0.30 காட்டியிருக்கவேண்டும், செம்பு உள்ளீடாக இருந்தாலும் 0.35ஐத் தாண்டாது. தராசின் பிழையைச் சேர்த்தாலும் அங்கே போய்ச் சேராது. 0.10 வித்தியாசத்தைக் காற்றுக்குமிழ் மேல் போட வேண்டுமானால் அந்தக் குமிழ் கடலைப்பருப்பு அளவாவது இருக்கவேண்டும், கண்ணில் படாமல் போகாது.

இன்னொன்றும் பாருங்கள். காசை நிறுத்தி, விளிம்பைச் சுற்றி உருப்பெருக்கியை ஓட்டுங்கள். நடுவில் மெல்லிய கோடு ஒன்று முழுச்சுற்றும் ஓடினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் அரத்தால் தேய்த்த அடையாளம் இருந்தால், இரண்டு அச்சுக்கு நடுவே வார்த்தது. எழுத்துகளின் ஓரம் சவர்க்காரம் போல வழுவழுப்பாக, இடையில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலும் அதுவே. அடித்த காசில் எழுத்தின் ஓரம் நிமிர்ந்து நிற்கும், உலோகம் விளிம்பு நோக்கி ஓடிய நுண்கோடுகள் தெரியும்.

கொட்டகலைக்காரன்:

கோடு இருக்கிறது. ஒரு இடத்தில் அரமும்.

தராசுமுள்:

அப்படியென்றால் விற்றவருக்கு மூன்று அளவீட்டையும் விளிம்புப் படத்தையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். "போலி" என்று எழுதவேண்டாம், "அடர்த்தி 7.8, வெள்ளிக்குப் பொருந்தவில்லை, விளிம்பில் வார்ப்புக்கோடு" என்று மட்டும் எழுதுங்கள். எண்ணோடு வாதாடுவது கஷ்டம். திருப்பி அனுப்பும் முன் இரு பக்கமும் நல்ல படம் எடுத்து வையுங்கள். அதே வார்ப்பு மறுபடி வேறு பெயரில் விற்பனைக்கு வரும், அதே கீறல் அதே இடத்தில் இருக்கும்.

தலைபூ:

அந்த நாலு எழுத்தில்லாக் காசின் படங்களை இங்கே போடுங்கள். இடப்பக்க வெளிச்சம் ஒன்று, வலப்பக்க வெளிச்சம் ஒன்று, பக்கத்தில் அளவுகோல். சோடாத் தண்ணீரில் போடுவதற்கு முன்.